லேசரில் வெட்டினது பிழைத்தால்: வரைபா, மென்பொருளா, மெசினா?

“அண்ணை, லேசருக்கு எந்த சொப்ட்வெயார் நல்லது?” புதுக்குடியிருப்பில் என் மேசைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே கையில் ஒரு பலகைத் துண்டு இருக்கும். அளவு பிழைத்திருக்கும், அல்லது பெயரில் ஒரு எழுத்துச் சிதைந்திருக்கும். மென்பொருளை மாற்றினால் எல்லாம் சரிவரும் என்று நம்பி வந்திருப்பார்கள். நான் பதில் சொல்ல முன்னம் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கித்தான் தீர்க்க வேண்டிய பிழையை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

வேலை மூன்று இடத்தில் நடக்கிறது. வரைகிற மென்பொருள் ஒன்று: இன்க்ஸ்கேப், கோரல் டிரோ போன்றவை. அந்த வரைபுக்கு வேகமும் வலுவும் குறித்து மெசினுக்கு அனுப்புகிற மென்பொருள் இரண்டாவது: லேசர் ஜி.ஆர்.பி.எல்., லைட்பேர்ன், கே40 விஸ்பரர் போன்றவை. மூன்றாவது மெசின். லைட்பேர்னுக்குள்ளேயே ஓரளவு வரையலாம் என்பதால் முதல் இரண்டையும் ஒன்றென்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிழை தேடும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெரிவு பற்றி என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைவதற்கு இன்க்ஸ்கேப். இலவசம். 2003 முதல் பல நாட்டுக்காரர் சேர்ந்து வளர்த்துவருவது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு இணையம் தேவையில்லை. சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடுகிற ஊர்களில் இது பெரிய விடயம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழை ஒழுங்காகக் கோர்க்கும். மாதாமாதம் டொலரில் சந்தா கட்டுகிற மென்பொருளை விருப்பத்துக்காகச் செய்கிற வேலைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். வேலை கூடவில்லை, சந்தா மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேலாகியது.

பிழை தேடத் தொடங்குமுன் ஒரு சோதனைத் துண்டு வெட்டுங்கள். இன்க்ஸ்கேப்பில் டொகியுமென்ட் புரொப்பட்டீஸுக்குப் போய் அலகை மி.மீ. ஆக்கிவிட்டு 100 மி.மீ. சதுரம், அதற்குள் 20 மி.மீ. வட்டம், பக்கத்தில் ‘ழ்’ என்ற ஒற்றை எழுத்து. பலகை வேண்டாம், கடையில் எறிகிற மட்டைப்பெட்டி போதும். பிறகு வரைபு எதுவும் இல்லாமல், இயக்குகிற மென்பொருளின் அம்புக்குறிப் பட்டனால் தலையை 100 மி.மீ. நகர்த்தி அளந்து பாருங்கள். தலை சரியாக 100 நகர்கிறது, சதுரம் மட்டும் பிழையாக வருகிறது என்றால் மெசினில் கை வைக்காதீர்கள். பிழை பைலில் இருக்கிறது.

அளவு சரியில்லை

வேர்னியரால் (மி.மீ.யின் சிறு பகுதியையும் அளக்கிற கருவி) சதுரத்தின் இரண்டு பக்கத்தையும் அளவுங்கள். வருகிற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

93.75 வந்தால் அது பழைய இன்க்ஸ்கேப்பில் வரைந்த பைல். 0.92க்கு முந்திய பதிப்புகள் ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கு வைத்தன. 2017இல் வந்த 0.92 முதல் அது 96. 90ஐ 96ஆல் பிரித்தால் 0.9375. போன மாரிக்குள் ஒரு தம்பி இணையத்தில் எடுத்த பேனாப் பெட்டி ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தான். பல்லும் பல்லும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன, பெட்டி பார்வைக்கும் வடிவாக இருந்தது, ஆனால் நடுத்தட்டு மட்டும் துளைக்குள் இறங்கவில்லை. துளையை அளந்தேன்: 2.81. பலகை 3 மி.மீ. பல்லுகள் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் தங்களுக்குள் பொருந்திவிட்டன. பலகையின் தடிப்பு சுருங்கவில்லை. அவன் இரண்டு நாளாக பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

75 வந்தால் இல்லஸ்ட்ரேட்டரில் 72 கணக்கில் சேமித்த பைல். 133 வந்தால் அதற்கு நேர் எதிர், 96 கணக்குப் பைலை 72 என்று வாசித்திருக்கிறது. லைட்பேர்னின் செட்டிங்ஸில் எஸ்.வி.ஜி. பைலை (இன்க்ஸ்கேப் சேமிக்கிற வரைபு வகை) எந்தக் கணக்கில் வாசிப்பது என்று தெரிவுசெய்ய இடம் உண்டு. மாற்றிவிட்டு பைலைத் திரும்ப உள்ளே எடுக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்துவைத்தது தானாக மாறாது.

மேசையை விட்டு வெளியே போகிற அளவுக்கு 2540 மி.மீ. என்று காட்டினாலோ, 4 மி.மீ.க்குச் சுருங்கி ஒரு புள்ளிபோல நின்றாலோ, மி.மீ.யும் அங்குலமும் மாறிவிட்டன. டி.எக்ஸ்.எவ். பைல்களில் (ஓட்டோகாட் போன்றவற்றிலிருந்து வருகிற வரைபு வகை) இது அடிக்கடி நடக்கும். அதில் 100 என்ற எண் மட்டும் இருக்கும், எந்த அலகில் 100 என்பது பல பைல்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்காது. உள்ளே எடுக்கும்போது அலகைக் கேட்டால் யோசித்துப் பதில் கொடுங்கள். முடிந்தால் எஸ்.வி.ஜி.யாகவே வாங்குங்கள்.

99 வந்தால் கோட்டின் தடிப்பைப் பாருங்கள். இன்க்ஸ்கேப் சாதாரணமாகக் கோட்டின் தடிப்பையும் சேர்த்தே அகலம் காட்டும். கோடு 1 மி.மீ. தடிப்பாக இருந்து நீங்கள் அகலம் 100 என்று அடித்தால், லேசர் ஓடுகிற நடுக்கோடு 99 மி.மீ.தான். பிரிபெரன்ஸஸில் டூல்ஸ் பகுதிக்குள் பவுண்டிங் பொக்ஸ் என்ற இடத்தில் ‘ஜியோமெற்றிக்’ என்பதைத் தெரிவுசெய்துவிட்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாக முடியும். நிறுவிய அன்றே செய்ய வேண்டிய மாற்றம் இது.

99.8 அளவில் வந்தால் பிழையே இல்லை, அது லேசர் எரித்த அகலம். பெட்டி பற்றிச் சொல்லும்போது வருகிறேன். ஒரு பக்கம் 100, மற்றப் பக்கம் 98 என்று வந்தால்தான் மெசின். பெல்ட், புல்லி ஆணி, பிறகு $100, $101 என்ற மெசின் அமைப்புகள் (ஒரு மி.மீ. நகர மோட்டர் எத்தனை படி சுழல வேண்டும் என்பது), இந்த ஒழுங்கில் பாருங்கள்.

தமிழ் எழுத்துச் சிதைகிறது

இதை ஆறுதலாகவே எழுதப் போகிறேன். எங்கள் பக்கத்து வேலையில் அதிகம் பெயர்தான். வீட்டுப் பெயர், கடைப் பெயர், பரிசுக் கேடயம், கோயில் உபயம். வெளிநாட்டு விளக்கங்கள் எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது.

பைலைத் திறந்ததும் பெயர் இருந்த இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வரிசையாக நிற்கிறதா? அது பாமினி. எங்கள் அச்சகங்களில் பல காலமாகப் புழங்குகிற எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. புள்ளி அரைப்புள்ளிக் கட்டையில் இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் போர்வை விலகிவிடும். அச்சகத்தில் கோரல் டிரோவில் செய்து தருகிறவர்களிடம், பெயரைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலும் கியூவும் அழுத்தி வளைகோடாக்கிய பிறகு எஸ்.வி.ஜி. ஆகவோ பி.டி.எவ். ஆகவோ தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது ஒரு நொடி வேலை. தட்டச்சு மட்டும் கையில் இருந்தால் யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஸ்ரீ, ஜ, ஷ வருகிற பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

‘கொ’ என்று அடித்தால் கொம்பு பின்னுக்குப் போகிறதா, புள்ளிகளால் ஆன வெறும் வட்டம் ஒன்று இடையில் நிற்கிறதா? அந்த மென்பொருளுக்கு யூனிகோட் தமிழைக் கோர்க்கத் தெரியவில்லை. பழைய பதிப்புகளில் இது வரும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து மினக்கெட வேண்டாம். இன்க்ஸ்கேப்பில் அடித்துப் பாதையாக்கி, அதாவது எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி, கொண்டுபோங்கள்.

இன்க்ஸ்கேப்பில் சரியாகத் தெரிந்த பெயர் இயக்குகிற மென்பொருளில் காணாமல் போனாலும் மருந்து அதேதான். எழுத்து எழுத்தாக இருக்கிறவரை லேசருக்கு அதில் ஓட ஒரு கோடு இல்லை. பெயரைத் தெரிந்து ஷிப்ட், கொன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பாதையாகும். அதற்குப் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பைல் ஒன்று, வெட்டுகிற பைல் ஒன்று என்று இரண்டு பெயரில் சேமியுங்கள். வாடிக்கையாளர் ‘ந’வா ‘ன’வா என்று திரும்பக் கேட்கிற நாள் கட்டாயம் வரும்.

வெட்டுவதற்குத் தடித்த எழுத்துரு வேண்டும். பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. நோட்டோவில் தடித்த வகையை எடுங்கள். பழைய விண்டோஸோடு வந்த லதா பொறிக்கச் சரி, 30 மி.மீ. உயரத்துக்குக் கீழே வெட்டினால் ‘ெ’ சுழி உடைந்து கையோடு வரும்.

இனிப் புள்ளி. இது என்னை அதிகம் வருத்திய பிழை. ஒரு குடும்பம் வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் ‘வற்றாப்பளை கண்ணகி அம்மன்’ என்று சாமியறைச் சுவருக்கு வெட்டித் தரக் கேட்டது. மூன்று சொல், ஐந்து புள்ளி: ற், ப், ண், ம், ன். திரையில் வடிவாகத்தான் இருந்தது. வெட்டி முடித்துத் தட்டைத் தூக்கினபோது எழுத்துகள் நின்றன, புள்ளி ஐந்தும் தேன்கூட்டுத் தட்டுக்குள் விழுந்து கிடந்தன. பொறுக்கி எடுத்துப் பசையால் ஒட்டினேன். ‘ம்’மின் புள்ளி சரிந்து நின்றது. அம்மன் பெயர் அப்படிச் சரிந்து நிற்க மனம் கேட்கவில்லை, இரவோடு இரவாகப் புதிதாக வெட்டினேன்.

செய்ய வேண்டியது இது. பெயரைப் பாதையாக்கிய பிறகு ஷிப்ட், கொன்ட்ரோல், ஜி அழுத்திக் கூட்டத்தைப் பிரியுங்கள். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் 2 மி.மீ. அகலத்தில் ஒரு சிறு செவ்வகம் வரைந்து, இரண்டிலும் கொஞ்சம் ஏறி நிற்கும்படி வையுங்கள். எல்லாவற்றையும் தெரிந்து கொன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் ஒரே உருவமாகச் சேர்ந்துவிடும். ன், ண் இரண்டுக்கும் தலையில் மேற்கோடு இருப்பதால் கழுத்தை நேரே கீழே இறக்கலாம். ப், ட் அப்படியல்ல. அவற்றின் தலை திறந்திருக்கிறது, புள்ளி வெறும் வெளிக்குமேல் நிற்கிறது. அங்கே புள்ளியை ஒரு தூணுக்கு நேராகத் தள்ளி வைத்துவிட்டுக் கழுத்துக் கொடுங்கள், இரண்டு மி.மீ. தள்ளியதை வாசிக்கிறவர் கவனிக்க மாட்டார். எழுத்துகளைத் தங்களுக்குள் பிடித்துவைக்க அடியில் ஒரு பட்டி ஓட்டுங்கள். எங்கள் எழுத்துக்குத் தலைக்கோடு இல்லை என்பதால் மேலே ஓட்டினால் பார்வைக்கு வேற்று எழுத்துப்போல ஆகிவிடும்.

நெல் மூட்டைக்குப் பெயர் அடிக்கிற தகடு வெட்டும்போது பிழை தலைகீழாக வரும். அங்கே புள்ளி வெறும் துளை, தொல்லை இல்லை. விழுவது சுழியின் நடு. க, வ, த, ன எல்லாவற்றிலும் மூடிய சுழி உண்டு. அந்தத் தீவு விழுந்தால் பெயின்ற் அடிக்கும்போது பொட்டாகத்தான் பதியும். சுழிக்குக் குறுக்கே ஒன்றரை முதல் 2 மி.மீ. பட்டி ஒன்றை மேலே வைத்து, இரண்டையும் தெரிந்து கொன்ட்ரோலும் கழித்தல் குறியும் அழுத்துங்கள். பட்டி இருந்த இடம் எழுத்திலிருந்து கழிந்து, தீவுக்குப் பாலம் ஆகும்.

ஒரே கோடு இரண்டு தரம் ஓடுகிறது, கரி பிடிக்கிறது

காரணம் மூன்றில் ஒன்று. இரண்டு பெட்டியை ஒட்டி வைத்தபோது பொது ஓரம் இரண்டு தரம் வரையப்பட்டிருக்கலாம். பிரதி எடுத்தது அதன்மேலேயே கிடக்கலாம். லைட்பேர்னில் ஆல்ட்டும் டியும் அழுத்தினால் அது அழியும். மூன்றாவது, போனில் எடுத்த படத்தை ‘ட்ரேஸ்’ செய்தது. இதுதான் அதிகம். கறுப்புக் கோட்டை ட்ரேஸ் செய்தால் மென்பொருள் அந்தக் கோட்டின் இரண்டு கரையையும் சுற்றி வரும், ஒரு கோட்டுக்கு இரண்டு பாதை கிடைக்கும். இன்க்ஸ்கேப் 1.0க்குப் பிந்திய பதிப்புகளில் ட்ரேஸ் பெட்டிக்குள் ‘சென்டர்லைன்’ என்று ஒரு வகை இருக்கிறது, அது நடுவால் ஒரே கோடு தரும்.

ஆனாலும் கோலம், தாமரை, மயில் போன்றவற்றை ட்ரேஸ் செய்யாமல், படத்தைக் கீழே வைத்துப் பேனாக் கருவியால் கையால் வரைவதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு தாமரை இதழுக்கு நான்கு கணு (கோட்டின் வளைவைப் பிடிக்கிற புள்ளி, ‘நோட்’) போதும். ட்ரேஸ் செய்தால் நானூறு விழும். தலை வளைவில் நடுங்கி நடுங்கிப் போவதும், விளிம்பு அரிவாள் பல்லுப்போல வருவதும் இந்தக் கூடுதல் கணுக்களால்தான். அவசரத்துக்குக் கொன்ட்ரோலும் எல்லும் ஒருமுறை அழுத்தினால் கணு குறையும், இரண்டு மூன்று முறை அழுத்தினால் உருவமும் மாறிவிடும்.

எந்தக் கோடு எங்கே கிடக்கிறது என்று ஐமிச்சம் வந்தால் கொன்ட்ரோலும் 5ம் அழுத்துங்கள். நிறமும் தடிப்பும் மறைந்து லேசர் ஓடப்போகிற கோடு மட்டும் மெல்லியதாகத் தெரியும். அனுப்ப முன்னம் ஒவ்வொரு பைலையும் நான் இப்படி ஒருமுறை பார்க்கிறேன்.

வெட்ட வேண்டியதைப் பொறிக்கிறது

நிறத்தைப் பாருங்கள். கே40 விஸ்பரரில் சுத்தச் சிவப்பு வெட்டும், நீலம் கோடாகப் பொறிக்கும், கறுப்பு நிரப்பிப் பொறிக்கும். சிவப்பென்றால் 255, 0, 0. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் போதாது. லைட்பேர்னில் நிறத்துக்கு ஒரு படை, படைக்கு ‘லைன்’ அல்லது ‘பில்’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘பில்’ கொடுத்தும் நிரப்பவில்லை என்றால் உருவம் எங்கோ மூடாமல் கிடக்கிறது, கணுக் கருவியால் இரண்டு முனையையும் இணையுங்கள். எதுவுமே வெட்டவில்லை என்றால், எஸ்.வி.ஜி.க்குள் கிடப்பது வரைபல்ல, ஒட்டி வைத்த புகைப்படமாக இருக்கலாம்.

படம் இடவலம் மாறி வந்தால் மெசினின் தொடக்க மூலை பிழையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அக்ரிலிக்கின் பின்பக்கம் பொறிக்கும்போது மட்டும் வேண்டுமென்றே திருப்பிப் போட வேண்டும்.

பெட்டி இறுகவில்லை, அல்லது நுழையவே இல்லை

முதலில் பலகையை அளவுங்கள். 3 மி.மீ. என்று வாங்கிய பிளைவூட் 2.7 இருக்கும். எம்.டி.எவ். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும். ஐப்பசி கார்த்திகையில் வெட்டின பெட்டியும் பங்குனியில் வெட்டின பெட்டியும் ஒரே பைலுக்கு ஒரேமாதிரிப் பொருந்தாது. நான்கு மூலையையும் அளந்து, வருகிற எண்ணையே வரைபில் போடுங்கள்.

அடுத்தது லேசர் எரித்துத் தின்னுகிற அகலம். 100 மி.மீ. நீளத்தை 10 கீற்றாகப் பிரித்து வரைந்து வெட்டுங்கள். பத்துக் கீற்றையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து வேர்னியரால் அளவுங்கள். 98.2 வந்தால் 1.8 மி.மீ. புகையாகிவிட்டது, பத்தால் பிரித்தால் ஒரு வெட்டுக்கு 0.18. ஒவ்வொரு துண்டையும் வெளிப்பக்கம் அதில் பாதி, 0.09 பெருப்பித்தால் இறுக்கமாகப் பொருந்தும். பலகையை மாற்றினால், லென்ஸைத் துடைத்தால், வேகத்தை மாற்றினால் இதைத் திரும்ப அளக்க வேண்டும். ஒரு கீற்றின்மேல் திகதியையும் எண்ணையும் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன்.

பல்லுப் பல்லாகக் கையால் வரைந்து மினக்கெடாதீர்கள். பொக்சஸ்.பை என்ற இலவசக் கருவி நீளம், அகலம், உயரம், தடிப்பு கேட்டு எஸ்.வி.ஜி.யாகப் பெட்டியைத் தரும். அதில் ‘பேர்ன்’ என்று கேட்பது வெட்டு அகலத்தின் பாதி; முழுவதையும் கொடுத்தால் சுத்தியலால் அடித்துத்தான் நுழைக்க வேண்டிவரும். அளவை மாற்றினால் எல்லாத் துளையும் தானாக மாறும்படி சொந்தமாக வரைய விரும்பினால் ப்ரீகேட் படியுங்கள். அதுவும் இலவசம், 2024 கார்த்திகையில் 1.0 பதிப்பு வந்திருக்கிறது. கடினம்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளை உங்கள் ஒழுங்கையிலோ பக்கத்து ஊரிலோ இருந்தால் இரண்டு மாலை கூட இருக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியே மாதக்கணக்காகத் தட்டுத்தடுமாறுவதை அது சுருக்கிவிடும்.

மென்பொருள் மெசினைக் காணவில்லை

யு.எஸ்.பி. வயரை மாற்றிப் பாருங்கள்; போன் சார்ஜ் ஏற்ற மட்டும் உதவுகிற வயர்கள் நிறைய உண்டு. பிறகு வேறு மென்பொருள் எதுவும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு யு.எஸ்.பி. இணைப்பை ஒன்றுதான் பிடிக்கலாம். மலிவு மெசின்கள் பலவற்றில் சி.எச்.340 என்ற சில்லு இருக்கும், அதன் டிரைவர் கணினியில் ஏற வேண்டும். வேகம் 115200.

எல்லாம் சரி, இன்னும் இல்லை என்றால் சோடி பிழைத்திருக்கிறது. லேசர் ஜி.ஆர்.பி.எல். விண்டோஸில் மட்டும் ஓடும், முக்கியமாக ஜி.ஆர்.பி.எல். (மெசினுக்குள் ஓடுகிற கட்டுப்பாட்டு மென்பொருள்) உள்ள மெசினோடுதான் கதைக்கும். நீல நிறச் சிறிய கே40 மெசினில் எம்2 நானோ போர்ட் (மெசினை இயக்குகிற மின்சுற்றுப் பலகை) இருந்தால் அதற்கு ஜி.ஆர்.பி.எல். விளங்காது, லைட்பேர்னாலும் முடியாது. அதற்கு கே40 விஸ்பரர் அல்லது மீர்கே40டி, இரண்டும் இலவசம். இதைத் தெரியாமல் லைட்பேர்னுக்குக் காசு கட்டினவர்கள் இருக்கிறார்கள். மெசினின் மூடியைத் திறந்து போர்ட்டின் பெயரை வாசித்த பிறகுதான் மென்பொருளைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மூலைகள் மட்டும் கருகினால் $32=1 என்று இருக்கிறதா பாருங்கள். ஜி.ஆர்.பி.எல். 1.1இல் அது லேசர் நிலை. கூடவே எம்4 கட்டளை பாவித்தால் தலை மூலையில் வேகம் குறையும்போது வலுவும் சேர்ந்து குறையும்.

கரண்ட் இடையில் நின்றால் லப்டொப் நிற்காது, மெசின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். பலகையை அசைக்காதீர்கள். மேசையில் ஒரு மூலைச் சட்டம் அடித்து, எப்போதும் அதில் பலகையை முட்டவைத்துத் தொடங்குகிற பழக்கம் இருந்தால் திரும்ப அதே புள்ளிக்குப் போகலாம்.

எந்த அமைப்பிலும் வெட்டவே மாட்டேன் என்கிறது

தெளிந்த அக்ரிலிக்கா? நீல ஒளி டயோட் லேசர் 450 நானோமீற்றர் அளவில் வேலை செய்கிறது, அந்த ஒளி கண்ணாடிக்குள்ளால் போவதுபோல் தெளிந்த அக்ரிலிக்குக்குள்ளால் போய்விடும். மென்பொருளில் எதை மாற்றினாலும் நடக்காது. அதற்கு 10.6 மைக்ரோமீற்றர் காபனீரொட்சைட்டு லேசர் வேண்டும். கறுப்பு அக்ரிலிக்கை டயோட் வெட்டும். முதிரை, பாலை போன்ற இறுகின மரத்தில் பொறிக்கலாம், வடிவாக வரும். சிறிய டயோட்டால் துளைத்து வெட்ட முயலாதீர்கள்.

பெயர்ப்பலகைக் கடைகளில் வெள்ளையாக, லேசாக, மலிவாகக் கிடைக்கிற பி.வி.சி. போம் தகட்டையும் ரெக்சினையும் லேசரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வருகிற ஐதரசன் குளோரைட்டு நுரையீரலையும் மெசினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும். என்ன தகடு என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் ஒரு பிள்ளையையும் நிற்க விடாதீர்கள்.

எவ்வளவு பார்த்தும் கை வரவில்லை

இதையும் ஒரு பிழை அறிகுறியாகத்தான் பார்க்கிறேன். காணொளி பார்க்கும்போது விளங்கும், தனியே இருந்தால் வெள்ளைத் திரை முழிக்கும். காரணம், மற்றவர் வரைந்த உருவத்தையே திரும்ப வரைகிறீர்கள். வேர்னியரை எடுத்து வீட்டில் இருக்கிற ஒரு பொருளை அளந்து வரையுங்கள். என்னிடம் படித்த தங்கச்சி ஒருத்தி முதலில் வரைந்தது தங்கள் தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் பெட்டி மூடி. இரண்டு ஆணித் துளை, ஒரு வட்டம், நான்கு உருண்டை மூலை. துளைக்கும் துளைக்கும் இடையில் 60.3 மி.மீ. அளந்து, ‘அலைன்’ கருவியால் நடுப்படுத்தி, மட்டையில் வெட்டிக்கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “அண்ணை, ஆணி இறங்குது!” என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் அதிகம் சொல்லிக்கொடுக்கவில்லை.

செவ்வகம், வட்டம், எழுத்து, கணு, சேர்த்தல் கழித்தல், அலைன். இந்த ஆறு கருவியும் பழகினால் இங்கே வருகிற வேலையில் அநேகமானதைச் செய்யலாம். இதற்கு மெசின் இருக்க வேண்டியதில்லை. மெசின் வாங்கக் காசு சேர்க்கிற மாதங்களில் வரையப் பழகி முடித்துவிடலாம்.

30 நாள் முடிந்துவிட்டது, கட்டுவதா?

லைட்பேர்ன் 30 நாள் இலவசமாகப் பாவிக்கத் தரும். பிறகு ஒருமுறைக் கட்டணம். ஒரு வருடத்துக்குப் புதிய பதிப்புகள் கிடைக்கும், அதற்குப் பிறகு கட்டாவிட்டாலும் கையில் இருக்கிற பதிப்பு தொடர்ந்து ஓடும். மாதச் சந்தா இல்லை என்பதால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் 30 நாளை வீணாக்காதீர்கள். வரையப் பழகி, வெட்டுவதற்கு ஐந்தாறு பைல் ஆயத்தமான பிறகு அந்த நாட்களைத் தொடங்குங்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஓடர்கள் வரத் தொடங்கி, ஒரே தட்டில் பல வேலையை அடுக்கி, உள்துளை முதலில் வெளிக்கோடு கடைசியில் என்று ஒழுங்குபடுத்த வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் கட்டலாம். மாதத்தில் நான்கு சாவித் தகடு வெட்டுகிறவருக்கு லேசர் ஜி.ஆர்.பி.எல். போதும்.

இன்னும் தீராத பிழை இருந்து யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் மூன்றைக் கொண்டுபோங்கள்: பாதையாக்காத எஸ்.வி.ஜி. பைல், வெட்டின துண்டின்மேல் வேர்னியரை வைத்து எடுத்த படம், மெசின் போர்ட்டில் எழுதியிருக்கிற பெயர். திரையைப் போனால் எடுத்த படம் வேண்டாம். கோட்டின் அளவு அதில் தெரியாது.